ஒரே சாலை, இரண்டு சட்டம், ஓர் இலக்கம்

உங்கள் மைகாட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கடைசி எண்ணை ஒரு தடவைகூட யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், வங்கிக் கணக்கு திறக்கும்போதும், வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், மருத்துவமனையில் வார்டு ஒதுக்கும்போதும் அந்த ஓர் எண்ணுக்காக நெஞ்சு படபடக்கிற சிலர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

வானொலியில் வேலை பார்ப்பதால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். திருநங்கை, திருநம்பி என்று பேச்சு வந்தால் போதும், நேயர்கள் உடனே இரண்டு அணியாகி விடுவார்கள். ஓர் அணி “நம் பண்பாடு என்ன ஆவது?” என்று கேட்கும். இன்னோர் அணி “அவர்களும் மனிதர்கள்தானே?” என்று கேட்கும். அரைமணி நேரம் பேசி முடித்த பிறகும் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். காரணம், நாம் பேச வேண்டிய கேள்விகளில் பாதிக்கு ஏற்கனவே வேறு யாரோ பதில் எழுதி வைத்துவிட்டார்கள். அரசியலமைப்பின் ஒரு பட்டியல், பதிவிலாகாவின் ஒரு விதி, நீதிமன்றத்தின் ஒரு நடைமுறை. நம் விவாதத்துக்குக் கோடு போட்டுத் தருவது இவைதான். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், சண்டை கொஞ்சம் குறையும். பேச்சு கொஞ்சம் கூடும்.

சாலையின் நடுவில் ஒரு கோடு

ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைத் தெரியாத பினாங்குத் தமிழர் இருக்க முடியாது. மூத்தவர்களுக்கு அது இன்னும் ‘பிட் ஸ்திரீட்’தான். ஒரு முனையில் 1818-ல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில். பக்கத்து குவீன் ஸ்திரீட்டில் 1833-ல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். அப்புறம், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் பெயரோடு இணைந்த பள்ளிவாசல். சுற்றுலாப் பிரசுரங்கள் இதை ‘நல்லிணக்கச் சாலை’ என்று அழைக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தச் சாலையும் ஒரு காரணம்.

சாலையின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ‘கெலிங்’ என்பது ஒரு காலத்தில் கலிங்கத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தவர்களைக் குறித்த சாதாரணச் சொல். இன்று அதை நம்மை நோக்கி யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. வேறொருவர் வைத்த பெயரைச் சுமந்து நடப்பது எப்படி இருக்கும் என்று மலேசியத் தமிழருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இப்போது இந்தச் சாலையில் இரண்டு திருநங்கைகள் சேர்ந்து நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே தமிழ் பேசுபவர்கள். இருவருமே புடவை கட்டியிருக்கிறார்கள். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். நம் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். சட்டத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை. இரண்டாமவருக்கு ஷரியா சட்டம் பொருந்தும், முதலாமவருக்குப் பொருந்தாது.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பட்டியலிட்டுப் பிரிக்கிறது. பொதுவான குற்றவியல் சட்டம் கூட்டரசின் கையில். இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களின் கையில். இஸ்லாத்தின் போதனைகளுக்கு எதிரான குற்றங்களை வரையறுத்து, முஸ்லிம்களுக்கு மட்டும் தண்டனை விதிக்க மாநிலச் சட்டமன்றங்களால் முடியும். அந்தத் தண்டனைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: மூன்று ஆண்டுச் சிறை, 5,000 வெள்ளி அபராதம், ஆறு பிரம்படி. இதற்கு உட்பட்டு, எல்லா மாநிலங்களிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும், ஆண் பெண்போல் உடுத்துவதைக் குற்றமாக்கும் விதிகள் உள்ளன. சில மாநிலங்களில் பெண் ஆண்போல் உடுத்துவதும் குற்றம்.

எல்லா இடத்திலும் வாசகம் ஒன்றல்ல. கூட்டரசுப் பிரதேசச் சட்டம் ‘ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக’ என்று ஒரு நிபந்தனை போடுகிறது. நெகிரி செம்பிலானில் அந்த நிபந்தனையே கிடையாது, உடுத்தினாலே போதும். ஒரே உடையில் சிரம்பானிலிருந்து பேருந்து ஏறி கோலாலம்பூரில் இறங்கினால், வழியில் எங்கோ ஓரிடத்தில் குற்றத்தின் இலக்கணம் மாறிவிடுகிறது.

முஸ்லிம் அல்லாதவர்களை இந்த விதிகள் தொடாது என்றாலும், கவலையே இல்லை என்று சொல்ல முடியாது. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாகச் சொல்லி 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் பிடிபட்டவர்களும் உண்டு.

சிரம்பானில் தொடங்கிய வழக்கு

இந்தக் கோட்டை நீதிமன்றத்தில் தொட்டுப் பார்த்தவர்கள் மூன்று முஸ்லிம் திருநங்கைகள். நெகிரி செம்பிலான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, பெண்ணுடை உடுத்தும் ஆணுக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பிறந்தபோது எழுதப்பட்ட பாலும் மனத்தளவில் உணரும் பாலும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை, அதற்கு மருத்துவச் சான்று இருக்கிறது, இந்தப் பிரிவு எங்கள் அடிப்படை உரிமைகளைப் பறிக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். 2012-ல் சிரம்பான் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

2014 நவம்பர் 7-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். நீதிபதி முகமட் ஹிஷாமுடின் தலைமையிலான அமர்வு, 66-ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாக அறிவித்தது. கண்ணியமாக வாழும் உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், நடமாடும் உரிமை, கருத்தை வெளிப்படுத்தும் உரிமை ஆகிய எல்லாவற்றையும் அது தொட்டது. வீட்டை விட்டு வெளியே வந்த கணமே குற்றவாளி ஆகிவிடும் நிலையில் ஒருவர் எப்படி வேலைக்குப் போவார் என்ற கேள்விதான் அந்தத் தீர்ப்பின் மையம்.

பதினொரு மாதம் கழித்து, 2015 அக்டோபர் 8-ல், கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். 66-ஆவது பிரிவு சரி என்றும் அது சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு சட்டத்தை இயற்றும் அதிகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால், அரசியலமைப்பின் 4(4) பிரிவின்படி கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் அனுமதி பெற்று அந்த நீதிமன்றத்துக்கே வர வேண்டும்; நீங்கள் வேறு வாசலில் நுழைந்துவிட்டீர்கள் என்றது. மூன்று பேரும் ஆண்டுக்கணக்காக ஏறி வந்த படிகள் அத்தோடு முடிந்தன. வெளியே நாடெங்கும் மதம், உரிமை, பண்பாடு என்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே வழக்கு முடிந்தது எந்த வாசல் என்ற கேள்வியில்.

வாசல் முக்கியம் என்பதற்கு அடுத்த சாட்சி 2021-ல் வந்தது. சிலாங்கூரின் ஷரியா சட்டத்தில் இருந்த ‘இயற்கைக்கு மாறான உடலுறவு’ பற்றிய ஒரு பிரிவை எதிர்த்து வேறொருவர் நேராக 4(4) வழியாகவே வந்தார். அது ஏற்கனவே கூட்டரசின் குற்றவியல் சட்டத்தில் இருக்கும் குற்றம், மாநிலம் அதே விஷயத்தில் சட்டம் போட முடியாது என்று பிப்ரவரி 25-ல் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே வழியில் வந்த இன்னொரு வழக்கில், 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி, கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகள் செல்லாது என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் முடிவானது. இந்த இரண்டு வழக்குகளிலும் நீதிமன்றம் ஒழுக்கம் பற்றியோ உரிமை பற்றியோ தீர்ப்புச் சொல்லவில்லை. யாருடைய பட்டியல் என்று மட்டும் பார்த்தது. சுருங்கச் சொன்னால், நம் நாட்டில் பாலினம் பற்றிய பெரிய வழக்குகள் அதிகாரப் பங்கீட்டு வழக்குகளாகவே முடிகின்றன.

பதிவிலாகா முகப்பில்

ஷரியா விஷயம் முஸ்லிம்களுடையது, நமக்கென்ன என்று கேட்கும் இந்து, கிறிஸ்துவ நேயர்கள் உண்டு. மைகாட் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது என் பதில்.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் காத்திருந்தார். காற்றலையில் பேச அவருக்கு விருப்பமில்லை. மகனாகப் பதிவான பிள்ளை இப்போது மகளாக வீட்டில் இருக்கிறது. “சொந்தக்காரங்க பேச்சு பழகிப்போச்சு தம்பி. இன்டர்வியூவுக்குப் போனா, ஐசியப் பாத்துட்டு, அப்புறம் கூப்பிடுறோம்னு சொல்லி அனுப்பிடுறாங்க. அந்த நம்பர மாத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

நேர்மையான பதில் இது: மாற்றச் சொல்லும் சட்டமும் இல்லை, மாற்றவே கூடாது என்று தெளிவாகச் சொல்லும் சட்டமும் இல்லை. 1957-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பதிவேட்டில் நேர்ந்த ‘பிழை’யைத் திருத்த வழி தருகிறது. பிறந்த நாளில் தாதி பார்த்து எழுதியது பிழையா? அங்கேதான் நீதிமன்றங்கள் பிரிந்து நின்றன.

2005-ல் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு வழக்கில், ஈப்போ உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம், பெண்ணாகப் பதிவாகி அறுவை சிகிச்சைக்குப் பின் ஆணாக வாழ்ந்த ஒருவரின் கோரிக்கையை மறுத்தார். இதில் சட்டம் இயற்ற வேண்டியது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல என்பது அவர் நிலை. அதே ஆண்டு கோலாலம்பூரில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். மருத்துவ நிபுணர்கள் மனுதாரரைப் பெண் என்று சொல்லிவிட்ட பிறகு சட்டம் அதற்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது அவர் நிலை. 2011-ல் கோலத்திரெங்கானு உயர்நீதிமன்றம், தாய்லாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளம் முஸ்லிம் திருநங்கை ஒருவரின் விண்ணப்பத்தை மறுத்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அவர் இதயக் கோளாறால் இறந்துபோனார்.

2016-ல் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். நந்தபாலன், ஒரு திருநம்பியின் அடையாள அட்டையில் பெயரையும் பால் குறிப்பையும் கடைசி இலக்கத்தையும் மாற்றச் சொன்னார். கண்ணியத்தோடு வாழ்வது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அவர் காரணம் காட்டினார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆக, அந்த அம்மாவிடம் ‘ஆம்’ என்று சொல்ல எனக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ‘முடியவே முடியாது’ என்று எழுதியிருக்கும் ஒரு பிரிவையும் காட்ட முடியவில்லை. ஒரு குடும்பத்தின் நாளைய பிழைப்பு, எந்த ஊர் நீதிமன்றம், எந்த நீதிபதி என்பதைப் பொறுத்து நிற்கிறது. பதிவிலாகா முகப்பில் இருக்கும் அதிகாரியைத் திட்டிப் பயனில்லை. அவர் கையிலும் விதி இல்லை. சிங்கம் அன்று கைகாட்டிய நாடாளுமன்றம்தான் பேச வேண்டும்.

லண்டன் தந்த அளவுகோல்

பினாங்குக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. மலாயா மண்ணில் ஆங்கிலேயச் சட்டம் முறைப்படி கால் வைத்தது இந்தத் தீவில்தான். 1807 மார்ச்சில் வந்த அரச சாசனத்தின்படி இங்கே ஒரு நீதிமன்றம் அமைந்தது. அன்று தொடங்கி, லண்டனில் எழுதப்படும் தீர்ப்புகளை நம் நீதிபதிகள் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அப்படி இங்கு வந்து சேர்ந்த ஒன்றுதான் 1970-ஆம் ஆண்டு கார்பெட் வழக்கு. ஒரு திருமணம் செல்லுமா என்ற வழக்கில், நீதிபதி ஆர்ம்ராட், ஒருவர் ஆணா பெண்ணா என்பதைப் பிறப்பிலேயே அமைந்த குரோமோசோம், இனச்சுரப்பி, பிறப்புறுப்பு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். ஈப்போவில் 2005-ல் கோரிக்கை மறுக்கப்பட்டபோது பின்பற்றப்பட்டது இந்த அளவுகோல்தான். ஆனால், அதற்குள் பிரிட்டன் அங்கிருந்து நகர்ந்துவிட்டது. 2002-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, 2004-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் பாலின அங்கீகாரச் சட்டத்தையே நிறைவேற்றியிருந்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2025 ஏப்ரல் 16-ஆம் தேதி பிரிட்டன் உச்சநீதிமன்றம், 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் பிறப்பின்படியான பாலையே குறிக்கும் என்று ஒருமனதாகக் கூறியது. ஒரு நாட்டில் ஒருமுறை சட்டம் வந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு செய்தி. ‘மேலைநாடு’ என்று ஒரே பெட்டியில் போட்டுப் பேசுபவர்களுக்கும் இது செய்திதான்.

பள்ளிவாசலின் பக்கத்திலிருந்து பார்த்தால்

இஸ்லாமியச் சட்ட மரபு இந்தக் கேள்வியை இப்போதுதான் சந்திக்கிறது என்று நினைப்பதும் சரியில்லை. பிறப்பிலேயே ஆண், பெண் இரு குறிகளும் கலந்து பிறப்பவர்களை அது ‘குன்ஸா’ என்ற தனிப்பிரிவில் வைத்து, வாரிசுரிமை வரை விதி வகுத்திருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே பால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் தேசிய ஃபத்வா மன்றம் அதை முஸ்லிம்களுக்குத் தடை செய்தது; குன்ஸாவாகப் பிறந்தவர்களுக்கு விலக்கு அளித்தது. உடல் சார்ந்த வேறுபாட்டுக்கு இடமுண்டு, மன உணர்வை மட்டும் காரணம் காட்ட முடியாது என்பது அந்த நிலைப்பாடு. அதை நம்பிக்கையோடு ஏற்று வாழும் குடும்பங்கள் இந்தச் சாலையிலேயே உண்டு. அவர்களையும் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டு ஓர் உரையாடல் நடக்காது.

ஆனால், கருத்து வேறு, கைது வேறு. ஒருவர் செய்வது பாவம் என்று நம்புவதற்கும், அவரைச் சிறையில் ஆண்கள் பகுதியில் அடைப்பதற்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. திருநர் உரிமைக்காகப் பேசும் நிஷா அயூப் அந்தத் தூரத்தைத் தன் உடம்பால் அறிந்தவர். 2000-ல் ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டவர். 2016-ல் அமெரிக்க வெளியுறவுத்துறையின் ‘துணிச்சல்மிகு பெண்கள்’ விருதைப் பெற்ற முதல் திருநங்கையும் அவர்தான்.

அவர் பெயர் ஜார்ஜ்டவுனோடு சேர்ந்து பேசப்பட்டது 2018 ஆகஸ்டில். அந்த ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சி ஒன்றில், தேசியக் கொடியோடு எடுத்த படங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் நிஷா அயூபின் படத்தையும், ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் பேசும் பாங் கீ தெய்க்கின் படத்தையும் அகற்றும்படி சமய விவகாரங்களுக்கான அப்போதைய அமைச்சர் முஜாஹிட் யூசோஃப் ராவா உத்தரவிட்டார். படங்கள் இறங்கின. சில நாளில் அதே அமைச்சர் நிஷாவை அழைத்துப் பேசினார். வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்றார். அதே சமயம், அந்த வாழ்க்கைமுறையை ஊக்குவிக்க இடமில்லை என்றும் சொன்னார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நம் அரசாங்கங்கள் பல ஆண்டுகளாக நிற்கின்றன. மனித உரிமை ஆணையமான சுஹாக்காம், கோலாலம்பூர், சிலாங்கூரில் நூறு திருநர்களிடம் பேசி, கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் அவர்கள் சந்திக்கும் பாகுபாடு பற்றி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஜாக்கிம் 2011 முதல் ‘முக்கயாம்’ என்ற பெயரில் சமய வழிகாட்டல் முகாம்கள் நடத்தி வருகிறது. ஒரே அரசு, ஒரே மக்கள். ஒரு நிறுவனம் அவர்களை உரிமை இழந்தவர்களாகப் பார்க்கிறது, இன்னொன்று வழிகாட்டப்பட வேண்டியவர்களாகப் பார்க்கிறது.

தமிழ்நாட்டில் திறந்த வாசல்

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு வாசல். தமிழ்நாட்டில் முதலில் அசைந்தது நீதிமன்றம் அல்ல, அரசாங்கம். 2008 ஏப்ரலில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. இந்தியாவில் அப்படி ஒரு வாரியம் அதுதான் முதல். ‘திருநங்கை’ என்ற சொல்லை அரசின் சொல்லாக்கியவர் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி. 2014 ஏப்ரல் 15-ல் இந்திய உச்சநீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றது. 2019-ல் மதுரையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றார். அதே தீர்ப்பில், இருபால் கலந்து பிறக்கும் குழந்தைகளுக்கு அவசரப்பட்டு அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் சொன்னார். தமிழ்நாடு அரசு அவ்வாண்டே அதற்கு ஆணை பிறப்பித்தது.

2021-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்ட வழக்கு அது. தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதினார். ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் நடப்பவற்றைத் தடை செய்தார். பத்திரிகைகளும் அரசும் பயன்படுத்த மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றும் அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே உருவானது.

தமிழ்நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2019-ல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தானே தீர்மானிக்கலாம் என்ற இடத்தில் மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கொண்டுவந்து வைத்தது. திருநர் அமைப்புகளே அதை எதிர்த்துத் தெருவில் இறங்கின. இலங்கையில் 2016-ல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழியாகவே பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. பக்கத்தில் சிங்கப்பூர், 1996-லேயே மகளிர் சாசனத்தைத் திருத்தி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் திருமணத்தை ஏற்றது. தமிழர்கள் வாழும் நான்கு நாடுகள், நான்கு வாசல்கள். பண்பாடு ஒன்றாக இருந்தும் பதில் வேறாக இருக்கிறது என்றால், பதிலை எழுதுவது பண்பாடு மட்டும் இல்லை என்று தெரிகிறதல்லவா?

அவன், அவள், அவர்

மலாய் மொழியில் ‘டியா’ என்றால் அவனும் அவளும் அதுவேதான். தமிழில் வினைமுற்று வந்த உடனே பால் தெரிந்துவிடும்: வந்தான், வந்தாள். என் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. செய்தி வாசிக்கும்போது அடையாள அட்டையைப் பார்த்து வாசிப்பதா, ஆளைப் பார்த்து வாசிப்பதா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரை எந்தப் பாலின் ஈறு கொடுத்துச் சொல்ல வேண்டும் என்று யோசித்திருக்கிறது. இலக்கணம் எழுதியவர் அவர்களையும் உயர்திணைக்குள்தான் வைத்தார். இன்று ஒலிவாங்கி முன் நான் ‘அவர் வந்தார்’ என்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு ‘ர்’ போதுமாக இருக்கிறது. மலாய் பேசும் திருநங்கைகளும் தங்களைச் சுட்டிய இழிசொற்களை விட்டுவிட்டு, ‘மாக் ஞா’ என்ற சொல்லைத் தாங்களாகவே தேர்ந்துகொண்டார்கள். பெயர் வைக்கும் உரிமையைக் கையில் எடுத்த பிறகுதான் மற்ற உரிமைகளைப் பற்றிப் பேச்சே தொடங்கியது.

நம் அரசியலமைப்பின் 8(2) பிரிவில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் வரிசையில், 2001-ல் ‘பாலினம்’ சேர்க்கப்பட்டது. அதை ஆண், பெண் சமத்துவத்துக்காகச் சேர்த்தார்கள். மலாயில் ‘ஜந்தினா’ என்ற ஒரே சொல் உடலின் பாலையும் சமூகத்தின் பாலினத்தையும் சுமக்கிறது. அந்தச் சொல்லுக்குள் திருநரும் அடங்குவாரா என்பதற்கு நாடாளுமன்றம் இன்னும் தெளிவான விளக்கம் எழுதவில்லை.

வீட்டுக்குள் செய்ய முடிந்தவை

சட்டம் எப்போது மாறும், எந்தப் பக்கம் மாறும் என்று சொல்வது என் வேலை அல்ல. ஆனால், சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் இருக்கின்றன.

வேலைக்கு ஆள் எடுக்கும் இளைஞர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லுவேன். மைகாட்டின் கடைசி எண்ணைப் பார்த்து ஆளை ஒதுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. அதை நாமாகச் செய்கிறோம். நாமாகவே நிறுத்தவும் முடியும். விண்ணப்பத்தில் ஒரு பெயரும் அட்டையில் ஒரு பெயரும் இருந்தால், “உங்களை எப்படி அழைக்கலாம்?” என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கைது, வெளியேற்றம், தாக்குதல் என்று ஏதேனும் நடந்தால், போக இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. சுஹாக்காமிடம் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். தாக்கியவர் யாராக இருந்தாலும், தாக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், போலீஸ் புகார் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். 2017-ல் குவாந்தானில் ஓர் இளம் தமிழ்த் திருநங்கை கொல்லப்பட்டபோது நம் சமூகம் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி ஒரு வாரத்தில் வடிந்தும் போனது. புகார் கொடுக்கத் துணைக்கு ஓர் அண்ணனோ அத்தையோ கூட வந்தால், அந்தப் புகாருக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சொல்வது உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். உங்கள் சமயம் அதை ஏற்காமலும் இருக்கலாம். அதைப் பிள்ளையிடம் சொல்வதிலும் தவறில்லை. ஆனால், வீட்டுக் கதவைப் பூட்டச் சொல்லும் சட்டம் கூட்டரசுப் பட்டியலிலும் இல்லை, மாநிலப் பட்டியலிலும் இல்லை. வெளியே எத்தனை வாசல்கள் திறக்கும், எத்தனை மூடும் என்பது நீதிபதிகள் கையிலும் நாடாளுமன்றத்தின் கையிலும் இருக்கிறது. வீட்டு வாசலின் சாவி மட்டும் உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது.